கோயில் சாவி பேக்கிங்கில் இருக்கிறது

ஒரே நாளில் மூன்று பழங்காலக் கோயில்கள் என்று திட்டம் போட்டுத் திருப்பூரிலிருந்து கிளம்பியவன், முதல் கோயிலின் பூட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். காலையில் விளக்கு வைத்துப் பூட்டிவிட்டு, பூசாரி பனியன் கம்பெனிக்குப் பேக்கிங் வேலைக்குப் போய்விட்டாராம். கம்பெனியைத் தேடிப் பிடித்து, வாட்ச்மேனிடம் கெஞ்சி, முக்கால் மணி நேரம் வெயிலில் காய்ந்த பிறகு, தலையில் பஞ்சோடு பூசாரி வருகிறார்.

“சாவியையாவது கொடுங்க, கல்வெட்டைப் பார்த்துட்டு வந்துடறேன்.”

“அதெப்படீங்க சாவியக் குடுக்கறது? ஏழு மணிக்கு வந்து நானே தொறக்கறனுங்க.”

“ஏழு மணிக்கு இருட்டிடுமே! இன்னும் ரெண்டு கோயில் பாக்கி!”

“கோவிச்சுக்காதீங்க. கோயிலு ஆயிரம் வருசமா அங்கயேதானுங்க நிக்குது. கன்டெய்னரு ஆறு மணிக்குக் கெளம்பீருமுங்க.”

திரும்பி நடக்கிறார். அவர் இடுப்பில் தொங்கும் சாவி, கேட்டுக்குள் குலுங்கிக்கொண்டே போகிறது.