பஞ்சு வேஸ்ட்டால் துடைத்த ஜீப்பும் மம்சாபுரம் சாலையும்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பன்னிரண்டு கிலோமீட்டர். இதற்கெல்லாம் பயணக் கட்டுரையா என்று சிரிக்காதீர்கள். 1993 மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அங்கே போய்ச் சேர எனக்கு மூன்று மணி நேரம் ஆனது. பழைய டீசல் ஜீப் வாங்கி, நாமே வேலை பார்த்து ஓட்டலாம் என்று நினைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

அந்த ஜீப்பை நானும் செல்வராஜும் சேர்ந்து வாங்கினோம். இருவருக்கும் ஒரே நூல் மில்லில் வேலை. ஏழு வருடம், ஞாயிறு தவறாமல், இன்ஜின் வேலை எல்லாம் எங்கள் கைதான். முடித்ததும் அய்யனார் கோவில் வரை ஓட்டிப் பார்த்து, அருவியில் குளித்துவிட்டு வருவோம். மெட்ராஸில் வேலை கிடைத்துவிட்டது என்று அவன் சொன்னபோது எனக்குப் பொறுக்கவில்லை. "போலே, நீ இல்லைன்னா வண்டி ஓடாதாக்கும்?" என்று கேட்டுவிட்டேன். அதோடு மூன்று மாதம் பேச்சு இல்லை. அன்று மாலை ஐந்தரை ரயிலுக்கு, மாமியார் ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரில் குடும்பத்தோடு ஏறுகிறான் என்று மில்லில் கேள்விப்பட்டேன். அவன் போவதற்குள் ஒரு வார்த்தை பேசிவிட வேண்டும்.

பஸ்ஸில் போயிருக்கலாம். வீம்பு விடவில்லை. நான் தனியாகச் சர்வீஸ் செய்த வண்டியில் போய் இறங்க வேண்டும் என்று காலை எட்டு மணிக்கே பானெட்டைத் திறந்தேன். புது டீசல் பில்டர் நாற்பது ரூபாய். பம்பின் அடியில் அழுக்கு தேங்கும் கண்ணாடிக் கிண்ணத்தைக் கழற்றி, பஞ்சு வேஸ்ட்டால் பளபளவென்று துடைத்து மாட்டினேன். எங்கள் ஊரில் எதைத் துடைப்பதென்றாலும் மில் பஞ்சு வேஸ்ட்தான். செல்வராஜ் மட்டும் டீசல் பக்கம் அதை அண்டவிட மாட்டான். பழைய வேட்டித் துணிதான் எடுப்பான். நான் அவனைக் கிண்டல் செய்திருக்கிறேன்.

இரண்டேகாலுக்குக் கிளம்பினேன். மெயின் ரோட்டில் லாரித் தொல்லை என்று மம்சாபுரம் வழியாகப் போனேன். எட்டாவது கிலோமீட்டரில் இன்ஜின் இருமி, நின்றது. கிண்ணத்தைக் கழற்றினால் வாஷருக்கு அடியில் ஒரு பஞ்சு இழை. அந்த இடுக்கில் காற்று புகுந்து டீசல் லைனையே அடைத்திருந்தது.

இழையை எடுப்பது ஒரு நிமிட வேலை. காற்றை வெளியேற்றத்தான் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சாவியைத் திருப்ப, இன்னொருவர் இன்ஜெக்டர் நட்டைத் தளர்த்தி, குமிழி நின்றதும் முறுக்க வேண்டும். நான் சீட்டுக்கும் பானெட்டுக்கும் ஒன்றரை மணி நேரம் ஓடினேன். வெயிலில் ஒரு ஈ காக்கை இல்லை. அழுகை வந்தது, மறைப்பதற்கென்ன.

களை வெட்டிவிட்டுத் திரும்பிய ஓர் அக்கா நின்று பார்த்தார்.

"ஒத்தையில கெடந்து ஏன் இம்புட்டுப் பாடு? நான் திருப்புதேன், எப்பன்னு சொல்லுங்க."

அவர் சாவியைத் திருப்பினார். நாலரைக்கு இன்ஜின் பிடித்தது. காசு நீட்டினேன், வாங்கவில்லை. மம்சாபுரத்தில் இறக்கிவிட்டேன்.

இன்ஜின் உதறிக்கொண்டே வந்ததால், ஸ்டேஷன் சேரும்போது ஐந்தேகால். செல்வராஜ் வெள்ளைச் சட்டையில் வாசலுக்கே வந்துவிட்டான். என் முகத்தைப் பார்க்கவில்லை, சத்தத்தைத்தான் கேட்டான்.

"ஏலே, மூணாவது சிலிண்டர் அடிக்கல. ஸ்பேனரக் குடு. நீ சாவியத் திருப்பு."

"ரயிலு வரப்போகுது, இப்பவுமா?" என்று அவன் மனைவி கத்தினார். நான் திருப்ப, அவன் நட்டைத் தளர்த்தி மிச்சக் காற்றை வெளியேற்றி முறுக்க, இரண்டு நிமிடம். உதறல் நின்றது. சட்டைக் கையெல்லாம் டீசலோடு ஓடிப் போய் ஏறினான். பேச நினைத்த வார்த்தையை நான் பேசவே இல்லை.

திரும்பும்போது வண்டி அப்படி ஓடியது. பாரேன் என்று சொல்லப் பக்கத்தில் ஆள் இல்லை.

ஆகவே நண்பர்களே, டீசல் பக்கம் பஞ்சு வேண்டாம். நூல் பிரியாத துணியால் துடையுங்கள். பத்தாம் நம்பர், பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனர்கள் கையோடு இருக்கட்டும். தனியாள் என்றால், ஸ்டார்ட்டருக்கு ஒரு ஒயர் இழுத்து, பானெட்டுக்குள் புஷ் பட்டன் வைத்துக்கொள்ளுங்கள். சாவியைத் திருப்ப இன்னொருவர் வேண்டியதில்லை. நான் அடுத்த ஞாயிறே வைத்துவிட்டேன். மாட்டி முடித்து, அமுக்கி, முதல் தடவையே இன்ஜின் பிடித்தபோது, ஏன்டா வைத்தோம் என்றிருந்தது.