முள் பொட்டுக்குள் இருக்கிறதா?

போன வாரம் வாடகைக் காரில் விவேக் நகர் போனேன். ஓட்டுநர் தன் செல்போன் திரையின் ஓரத்தில், வழி காட்டும் படம் மறையாதபடி, கடுகளவு குங்குமம் வைத்திருந்தார். எவ்வளவு கவனமான பக்தி! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் என்று சொன்னால் நீங்களும் சிரிப்பீர்கள்.

தொண்ணூறுகளில் வேலைக்காகப் பெங்களூர் வந்து ஜீவனஹள்ளியில் குடியிருந்தேன். பக்கத்து வீட்டுச் செல்வம் என் வயதுக்காரன், தொழிற்சாலையில் ஃபிட்டர். யாரோ கை கழுவிய பழைய ஜெர்மன் கார் ஒன்றை வாங்கி வைத்திருந்தான். கார்புரேட்டர் கிடையாது, இன்ஜெக்‌ஷன் வண்டி. பம்ப் அழுத்தத்தோடு பெட்ரோலை அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். வேகமாகப் போனால் பூப்போல ஓடும். ஊர்ந்தால் மட்டும் அதற்குக் கோபம் வரும். பின்னால் அடியில் இருக்கும் பெட்ரோல் பம்ப் சூடாகி, அழுத்தம் இறங்கி, நடுரோட்டில் நின்றுவிடும்.

இந்த லட்சணத்தில் தங்கை மல்லிகா கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்பு தன் காரில்தான் என்று செல்வம் வாக்குக் கொடுத்துவிட்டான். மாப்பிள்ளை அழைப்பு என்றால் ஊர்வதுதானே! மாப்பிள்ளையின் சித்தப்பா சபையிலேயே கேட்டார்: "அந்த டப்பா மண்டபம் வரிக்கும் வருமா தம்பி?" எல்லோரும் சிரித்தார்கள். அப்பா இல்லாத வீடு. கார் நின்றால் மல்லிகா புகுந்த வீட்டில் காலத்துக்கும் அந்தப் பேச்சைக் கேட்க வேண்டும். செல்வத்துக்குச் சோறு இறங்கவில்லை.

ஜே.சி. ரோடின் உதிரிபாகக் கடைகளில் தேடி ஒரு பிரஷர் கேஜ் வாங்கி வந்தான். அழுத்தம் இறங்குவது முன்கூட்டியே தெரிந்தால் ஓரங்கட்டிப் பம்பைக் குளிரவைக்கலாம் என்பது திட்டம். பெட்ரோல் குழாயை வெட்டி நடுவில் ஒரு டி ஜாயின்ட் போட வேண்டும்.

"டார்ச்ச சரியா புடி குரு."

"வெடிக்காதே மச்சா?"

"சும்னே பயப்படாதே." செல்வத்தின் தமிழில் கன்னடம் கலந்தே வரும்.

வெட்டினான். இன்ஜினை அணைத்த பிறகும் குழாயில் அழுத்தம் தங்கியிருக்கும் என்ற உண்மை எனக்குச் சட்டையில்தான் தெரிந்தது. அதே சட்டையோடு ஆபீஸ் போனேன். எந்நேரமும் சிகரெட்டோடு வந்து என் தலைமேல் நிற்கும் மேனேஜர் அன்று பக்கத்திலேயே வரவில்லை. இன்றும் பெட்ரோல் வாசனை வந்தால் எனக்கு ஒரு நிம்மதி.

பெட்ரோலைக் காருக்குள் கொண்டுவர எனக்குச் சம்மதமில்லை. அதனால் கேஜை வெளியே, முன்கண்ணாடிக்குக் கீழே, எங்களைப் பார்த்தபடி பொருத்தினான். முள் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நின்றால் நல்லது. இருவரும் கை கழுவப் போனோம். திரும்பி வந்தால் அவன் அம்மா சந்தனம் குழைத்து, கேஜ் கண்ணாடியில் சரியாக அந்த இடத்திலேயே அகலமாகப் பூசி, மேலே குங்குமமும் வைத்துவிட்டிருந்தார். முள்ளின் நுனியே தெரியவில்லை.

"அம்மா, அது மீட்டரும்மா!"

"மீட்டரோ கீட்டரோ. புதுசா வந்த பொருளு. கல்யாண வீட்ல பொட்ட அழிப்பாங்களாடா?"

யார் அழிப்பது? நாங்கள் புது விதி செய்துகொண்டோம். முள் பொட்டுக்குள் இருந்தால் சுகம், வெளியே வந்தால் ஆபத்து. அதைக் கவனிக்கும் உத்தியோகம் முன் சீட்டில் எனக்கு.

அழைப்பு நாளில் பேண்ட் செட் முன்னால், மாப்பிள்ளை பின் சீட்டில், பக்கத்தில் நடந்தபடி சித்தப்பா. மண்டபம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் பொட்டுக்குக் கீழே முள் மெல்ல மூக்கை நீட்டியது.

"வெளிய வந்துடுச்சு!" என்று அலறிவிட்டேன்.

செல்வம் ஓரங்கட்டினான். சித்தப்பா சிரிக்க ஆரம்பித்துவிட்டார். சோடாக் கடையிலிருந்து ஐஸ் வாங்கி, ஈரச் சாக்கில் சுற்றி ஓடி வந்தேன். வாங்கிக்கொள்ள நீண்ட கை மாப்பிள்ளையுடையது. மாலையும் கோட்டுமாக இறங்கி வந்து காருக்குப் பின்னால், பம்புக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார்.

"மச்சான், நீங்க ஸ்டியரிங்ல உக்காருங்க. நான் புடிக்கறேன்."

புது மாப்பிள்ளை தரையில் குந்தியதும் சித்தப்பாவின் சிரிப்பு நின்றது. கொஞ்ச நேரத்தில் அவரே குனிந்து, "இன்னும் உள்ள தள்ளிப் புடிப்பா" என்று யோசனை சொன்னார். முள் பொட்டுக்குள் திரும்பியது. வண்டி மண்டப வாசலில் போய்த்தான் நின்றது. வரவேற்புப் புகைப்படங்கள் எல்லாவற்றிலும் மாப்பிள்ளையின் வலது கை நனைந்திருக்கும்.

இப்போது அந்தத் தெருவில் பேண்ட் செட் போக இடமில்லை. அழைப்பே மண்டப வாசலில் முடிந்துவிடுகிறது. செல்வம் இறந்த பிறகு கார் பழைய இரும்புக்குப் போனது. கேஜை மட்டும் மல்லிகா கேட்டு வாங்கிச் சாமி அலமாரியில் வைத்திருக்கிறாள். வெள்ளிக்கிழமைதோறும் அதே இடத்தில் பொட்டு. முள் பூஜ்யத்தில் கிடக்கிறது.

விவேக் நகரில் இறங்கி அவள் வீட்டுக்குத்தான் போனேன். அலமாரியைப் பார்த்ததும் பழைய உத்தியோகம் நினைவு வந்து, "வெளிய வந்துடுச்சு!" என்று குரல் கொடுத்தேன்.

"ஐஸ் கொண்டாரட்டுமா?" என்றார் தலை நரைத்த மாப்பிள்ளை, சமையலறையிலிருந்து.

மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். செல்வம் இல்லாதது அந்தச் சிரிப்பு அடங்கியபோதுதான் தாங்க முடியவில்லை. முள்ளைப் பார்க்க நான் இருக்கிறேன், ஐஸ் பிடிக்க அவர் இருக்கிறார். ஓட்டத்தான் ஆளில்லை.