சிலிண்டருக்கு பெல்ட்

என் வீட்டுக்காரர் ராஜ்கமல் மூலனூரில் முருங்கை போட்ட குடும்பத்தில் பிறந்தவர். வேலம்பாளையத்தில் நான்கு நிட்டிங் மிஷின் வைத்து பனியன் துணி ஓட்டுகிறார். நீச்சல் பழகியது கிணற்றில். போன வருஷம் நூல் ஏஜென்ட் ஒருவரோடு அந்தமான் போனார். கடலுக்கு அடியில் மீனைப் பார்த்தார். அன்றோடு ஆள் மாறிவிட்டார்.

முதுகில் மாட்டும் மஞ்சள் சிலிண்டர் ஒன்றைப் பழையதாக வாங்கினார். கோவையில் தீயணைப்புச் சாமான் விற்கும் கடையில் காற்றும் நிரப்பி வந்தார். பாண்டிச்சேரிக் கடலில் இறங்கப் போகிறாராம். என்னையும் கூப்பிட்டபோது, எனக்காகத்தான் என்று நம்பினேன்.

குவாலிஸின் நடுசீட்டில் சிலிண்டரைப் படுக்க வைத்து, உருளாமல் சீட் பெல்ட் போட்டார். வெயில் படாமல் ஜன்னலுக்குத் துண்டு கட்டினார். சிலிண்டரில் மாட்டி வாயில் கடிக்கும் மூச்சுக்கருவியின் பெட்டி நசுங்கக் கூடாது என்று அதை முன்சீட்டில் வைத்தார். கல்யாணமான நாளிலிருந்து அது என் இடம்.

"ஏனுங்க, நான் எங்க உக்கார்றது?"

"பின்னால தாராளமா எடமிருக்குதே, சித்ரா."

காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். வேகத்தடை வந்தால் வண்டி ஊர்ந்தது. பள்ளம் தெரிந்தால் சுற்றிக்கொண்டு போனது. முன்பு ஏழு மாத வயிற்றோடு நான் இருந்தபோது மூலனூர் ரோட்டில் வண்டியை எப்படிப் பறக்க விட்டார் என்பது எனக்கல்லவா தெரியும். வயிறு எரிந்தது. சக்களத்தியாக இருந்தாலாவது சண்டை போடலாம், இரும்போடு என்ன பேசுவது?

கரூரில் அவர் டீ குடிக்க இறங்கியதும், என் இடத்தில் அமர்ந்திருக்கும் மகாராணியைப் பார்க்கலாம் என்று பெட்டியைத் திறந்தேன். எங்கள் ஊரில் எதைத் துடைக்கவும் எதைப் பொதியவும் பனியன் வேஸ்ட் துணிதான். இவரும் மிஷினடியில் கிடந்ததை அள்ளித் திணித்திருந்தார். வாயில் வைக்கும் ரப்பரில் மிஷின் ஆயில் கறுப்பாக ஒட்டியிருந்தது. குப்பென்று நாற்றம்.

மூடி வைத்துவிடத் தோன்றியது. உள்ளே போய் இதைக் கடித்து மூச்சிழுக்கட்டும் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். பிறகு பயந்துபோய் அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

பாண்டிச்சேரியில் பயிற்சியாளர் முகர்ந்து பார்த்ததுமே திட்டினார். "இந்த ஆயிலை சுவாசிச்சா கீழேயே மயக்கம் போட்டிருப்பீங்க சார். யார் பார்த்தது?"

"ஊட்டுல பார்த்தாங்க" என்று என்னைக் காட்டினார் இவர். அந்த ஒரு வார்த்தையில் குளிர்ந்துபோனேன். தன் சிலிண்டரில் வாடகை மூச்சுக்கருவியை மாட்டிக்கொண்டு இறங்கினார். அவர் தலை தண்ணீருக்கு மேலே தெரியும்வரை நான் கரையில் உட்காரவில்லை.

திரும்பும்போது பெட்டியைப் பின்னால் தள்ளி, "முன்னால வா" என்றார். என் இடம் எனக்கே வந்தது. கரூர் தாண்டியதும் வேகமுள் நூறைத் தொட்டது.

"மெதுவாப் போங்க."

"இனி என்ன பயம்? சிலிண்டரு காலிதான."

"நான் இருக்கறனுங்க."

சிரித்தார். தென்னிலைக்குப் பக்கத்தில் வேகத்தடை ஒன்றில் வண்டி தூக்கிப் போட்டது. என் தலை கூரையில் மோதியது. பின்னால் பெல்ட்டிலிருந்து நழுவிச் சிலிண்டர் உருளும் சத்தம் கேட்டது. ஓரங்கட்டி நிறுத்தி, இறங்கி ஓடினார். நடுசீட்டுக் கதவு திறந்தது.

நான் தலையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"பயப்படாத சித்ரா" என்று அங்கிருந்தே சொன்னார். "ஒரு கீறல்கூட இல்ல."