மயிலுக்கு அடியில் இருந்த சட்டம்

வெம்பக்கோட்டையில் நாங்கள் படித்த காலத்தில் நோட்டுக்குப் பழுப்புத்தாள் அட்டை போட்டதே இல்லை. சிவகாசி அச்சகங்களில் மெஷினை ஓட்டிப் பார்க்கும் வேஸ்ட் தாள்தான் அட்டை. ஒரே தாளில் இரண்டு மூன்று அச்சு வேலைகள் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்திருக்கும். பைண்டிங் வேலைக்குப் போன சித்தி என் கணக்கு நோட்டுக்குப் போட்ட அட்டையில், ஏதோ சட்டப் புத்தகத்தின் ஒரு பக்கமும், அதன் கீழ்ப்பாதியை மறைத்து முருகன் காலண்டரின் மயிலும் இருந்தன.

அந்த வருஷம் தாயில்பட்டிப் பக்கம், சித்தப்பா போர்மேனாக இருந்த பட்டாசு ஆலையில் ஓர் அறை வெடித்தது. சாப்பாட்டு நேரம், யாருக்கும் அடியில்லை. முதலாளி தலைமறைவு. "மொதலாளி வர்ற வரைக்கும் நீ இரு" என்று சித்தப்பாவை ஸ்டேஷனில் வைத்துக்கொண்டார்கள். வழக்கு எதுவும் எழுதவில்லை. முதல் நாள் நேராக நடந்தவர், இரண்டாம் நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

மூன்றாம் நாள் காலை சித்தி என் பையிலிருந்து நோட்டை உருவிக்கொண்டு கிளம்பினாள். நோட்டை விட மனமில்லாமல் நானும் பின்னாலேயே ஓடினேன்.

"படிச்சுப் பாருங்க சார்" என்று சப்-இன்ஸ்பெக்டரிடம் அட்டையை நீட்டினாள். "பிடிச்ச ஆளை இருபத்து நாலு மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்திரேட்டு முன்னால நிறுத்தணுமாம். வக்கீலையும் பாக்க விடணுமாம்."

அவர் நோட்டைத் திறந்து என் மார்க்கைப் பார்த்தார். "நூத்துக்குப் பன்னெண்டு. இதுவா சட்டம்?" ஸ்டேஷனே சிரித்தது. "மிச்சம் மயிலுக்கு அடியில கெடக்கே, அங்கன என்னம்மா போட்டிருக்கு?"

"தெரியல சார். இவுகளை மாஜிஸ்திரேட்டுட்ட கூட்டிட்டுப் போங்க, அவுக சொல்லுவாக. இல்ல, கொண்டு போக மாட்டோம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

"திமிரா?"

"ஆமா சார்."

வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். மதியம் பைண்டிங் பெண்கள் பதினைந்து பேர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்கள். மூன்று மணிக்கு, அவசரமாக ஒரு வழக்கை எழுதி, சித்தப்பாவை ஏற்றிக்கொண்டு ஜீப் கிளம்பியது. சித்தியும் நானும் பஸ் பிடித்துப் பின்னாலேயே கோர்ட்டுக்குப் போனோம்.

மாஜிஸ்திரேட் சித்தப்பாவின் பெயரைக் கேட்டார். அடித்தார்களா என்று கேட்டார். சட்டையைத் தூக்கச் சொல்லிப் பார்த்தார். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பிறகு, பதினைந்து நாள் ரிமாண்டு என்று, திரும்ப ஸ்டேஷனுக்கு விடாமல் ஜெயிலுக்கு அனுப்பிவிட்டார்.

நான் ஓவென்று அழுதேன். இத்தனைக்கும் பிறகு ஜெயில்தானா? சித்தியோ பஸ் ஏறியதும் ஜன்னலோரமாக உட்கார்ந்து, மூன்று நாளில் முதல் தடவையாகப் பசிக்கிறது என்று சொல்லி, இரண்டு வடை வாங்கித் தின்றாள். புருஷனை ஜெயிலுக்கு அனுப்பிவிட்டு வடை தின்கிறவளோடு இனி ஜென்மத்துக்கும் பேசுவதில்லை என்று, ஊர் வந்து சேரும்வரை முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன்.