வலது பக்கத்து சீட்

கிழக்குத் தாம்பரத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டில் இரண்டு போர்ஷன். பின்பக்கத்தில் நானும் என் கணவரும். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவருக்குப் பாரிமுனையில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா வேலை. எனக்கு நடந்து போகிற தூரத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. முன்பக்கத்துப் போர்ஷன் ரொம்ப நாளாகப் பூட்டிக் கிடந்தது. அறுபதுகளின் கடைசியில் ஒரு ஜூன் மாதம் டென்மார்க்கிலிருந்து ஒரு பெண்மணி அதற்குக் குடிவந்தார்.

எங்கள் பள்ளிக்கூடத்திலேயே இங்கிலீஷும் பாட்டும் சொல்லிக்கொடுக்க மூன்று வருஷத்துக்கு வந்தவர். தனி ஆள். நெடுநெடுவென்று உயரம், வெயில் பட்டால் மூக்கு மட்டும் முதலில் சிவக்கும். பிள்ளைகள் கூப்பிடுகிற மாதிரி நானும் மிஸ் என்றே கூப்பிட்டேன். அவர் என்னை அக்கா என்றார். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். பால்காரம்மாவும் கீரைக்காரம்மாவும் கூப்பிடுவதைக் கேட்டு அதுதான் என் பெயர் என்று நினைத்துவிட்டார். தப்பு என்று தெரிந்த பிறகும் மாற்றிக்கொள்ளவில்லை. அவர்களிடமே பேசிப் பேசிச் சீக்கிரமே தமிழையும் பிடித்துக்கொண்டார்.

அவர் வந்து கொஞ்ச நாளில் அவருடைய கார் கப்பலில் வந்தது. சின்னக் கார். சாம்பல் நிறம், முன்பக்கம் உருண்டையாக, குளித்துவிட்டு வந்த குழந்தை மாதிரி இருக்கும். துறைமுகத்திலிருந்து அதை வெளியே எடுப்பதற்குள் அவர் இளைத்தே போனார். காலையில் முதல் ரயிலுக்குப் போவார், சாயங்காலம் வெறுங்கையோடு வந்து எங்கள் வாசற்படியில் உட்கார்வார். நான் காபி கொடுப்பேன். ஒருநாள் தெருவே திரும்பிப் பார்க்க, ஹாரன் அடித்துக்கொண்டு காரிலேயே வந்து இறங்கினார்.

"அக்கா, வாங்க! ஒரு ரவுண்டு போகலாம்!"

டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் ஏறலாம் என்று வழக்கம்போல இடது பக்கக் கதவைத் திறந்தேன். அங்கே ஸ்டியரிங் இருந்தது.

அவருடைய ஊரில் வண்டிகள் சாலையின் வலது ஓரமாகப் போகும். அதனால் ஓட்டுகிறவர் இடது பக்கம் உட்காருவார். நம் ஊரில் வண்டி இடது ஓரமாகப் போக வேண்டும். அப்படிப் போகும்போது அந்தக் காரில் ஓட்டுகிறவர் நடைபாதையை ஒட்டி உட்கார்ந்திருப்பார். முன்னால் ஒரு லாரி போனால் அவருக்கு லாரியின் முதுகைத் தவிர வேறு எதுவும் தெரியாது. எதிரில் பஸ் வருகிறதா, ரோடு காலியாக இருக்கிறதா என்று வலது பக்கம் உட்கார்ந்திருப்பவர்தான் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இதை அவர் டென்மார்க்கில் யோசிக்கவில்லை. பல்லாவரம் வரை போய்த் திரும்பிய அந்த முதல் பயணத்திலேயே இரண்டு பேருக்கும் புரிந்துவிட்டது. ஒரு வைக்கோல் வண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு ஊர்ந்துகொண்டிருந்தோம்.

"போலாமா, அக்கா?"

"இருங்க மிஸ், பஸ் வருது."

"இப்ப?"

"சைக்கிள்... ம், இப்பப் போங்க. போங்க, போங்க!"

அன்றிலிருந்து அந்தக் காருக்குக் கண் நான்தான். கொஞ்ச நாளில் கையும் நானே ஆனேன். திரும்புவதற்கு அந்தக் காரில் மினுக்கும் விளக்கு இருந்தது. ஆனால் எங்கள் பக்கத்து மாட்டு வண்டிக்காரருக்கும் லாரிக்காரருக்கும் அது எதற்கு மினுக்குகிறது என்று தெரியவில்லை. ஜன்னலுக்கு வெளியே கை நீட்டினால்தான் நம்பினார்கள். வலது பக்க ஜன்னல் என்னிடம் இருந்தது. வளையல் போட்ட கையை நீட்டி நான் திருப்பம் காட்டுவேன். எதிரில் வருகிறவர்கள், பொம்பளை ஒருத்தி கையை வெளியே போட்டுக்கொண்டு, ஸ்டியரிங்கே இல்லாமல் கார் ஓட்டுகிறாள் என்று மிரண்டு ஒதுங்குவார்கள். மாடம்பாக்கம் கோயில் பக்கம் ஒரு போலீஸ்காரர் வண்டியை நிறுத்தி, நேராக என்னிடம் வந்து, "லைசென்ஸ் எடும்மா" என்றார். மிஸ் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்து, "சார், வண்டி என்னுது. அக்கா சும்மா பாக்கறாங்க" என்று சொன்னதும் அவர் காரை ஒரு சுற்று சுற்றி வந்தார். பிறகு கையை ஆட்டிப் போகச் சொல்லிவிட்டார்.

இதைக் கேட்டு என் கணவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சிரித்தார். "அப்ப அந்தக் காருக்குப் பெட்ரோல் மட்டும் பத்தாது, நீயும் வேணும்" என்றார்.

பெட்ரோல் மட்டுமா? அந்தக் கார் எதையெல்லாம் தின்றது என்பதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். அதன் டயர் அளவு மெட்ராஸில் எந்தக் கடையிலும் கிடையாது. ஒரு ரப்பர் பெல்ட் அறுந்தாலும் டென்மார்க்கில் இருக்கிற தம்பிக்கு எழுதி, அவர் வாங்கிக் கப்பலில் போட்டு, அது வந்து சேர்ந்த பிறகு அதற்கும் வரி கட்டி எடுத்துவர வேண்டும். அதுவரை கார் வேப்பமரத்தடியில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நிற்கும். பக்கத்து வீட்டுக் கோழி அதன் அடியில் முட்டை இடும். கூட வேலை செய்த மற்ற வெளிநாட்டுக்காரர்கள் எல்லாம் மே மாதம் கொடைக்கானலுக்குப் போய்விடுவார்கள். மிஸ் போகமாட்டார். இன்ஷூரன்ஸ் கட்ட வேண்டிய மாதம் அது. தாம்பரம் வெயிலில், ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, எங்கள் சமையலறை சிமெண்டுத் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து மாங்காய் நறுக்குவார். நாலே நாலு புடவைகளை மாற்றி மாற்றிக் கட்டினார். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்து எங்கள் வீட்டில்தான் சாப்பாடு.

அதற்காகக் கார் எங்களுக்கு ஒன்றும் தரவில்லை என்று சொல்லமாட்டேன். திருநீர்மலை அடிவாரத்தில் குளத்தங்கரையில் உட்கார்ந்து மூன்று பேரும் புளியோதரை சாப்பிட்டிருக்கிறோம். அனகாபுத்தூர் தறிக்காரர் வீட்டுக்கே போய் மிஸ்ஸுக்கு ஒரு புடவை எடுத்திருக்கிறோம். அந்தச் சந்துக்குள் கார் நுழைந்துவிட்டது, திரும்ப முடியவில்லை. தெருவே கூடி நின்று, "ஒடி, ஒடி, ஒடிச்சிக்கோ" என்று ஆளுக்கொரு திசை காட்டி அனுப்பிவைத்தது.

இரண்டாவது வருஷம் நான் உண்டானேன். எனக்கு எட்டாம் மாதம் நடந்த அந்த அக்டோபரில் பல்லாவரம் பக்கம் ஒரு ஜல்லி லாரியிலிருந்து கல் தெறித்துக் காரின் முன் கண்ணாடி நொறுங்கிப்போயிற்று. நல்லவேளை, இரண்டு பேருக்கும் காயமில்லை. ஆனால் அந்த வளைவுக்கு இங்கே கண்ணாடி இல்லை. தம்பிக்குத் தந்தி போயிற்று. கண்ணாடி வரும்வரை ஒரு கெட்டியான பிளாஸ்டிக் தகட்டை வெட்டிப் பொருத்தினார் மிஸ். வெயிலில் அது பரவாயில்லை. மழையில் அதன் வழியாகப் பார்த்தால் உலகமே கலக்கிய முட்டை மாதிரி தெரியும்.

எனக்கு வலி எடுத்தது நவம்பர் மழையில். மூன்று நாளாக விடாத மழை. தண்டவாளத்தில் தண்ணீர் நின்று ரயில் ஓடவில்லை, அதனால் என் கணவர் வீட்டில் இருந்தார். பிரசவத்துக்குப் பதிவு செய்திருந்த ஆஸ்பத்திரி சைதாப்பேட்டையில். அவர் ஸ்டேஷன் வாசல் வரை ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு நனைந்து திரும்பினார். ஒரு டாக்ஸி இல்லை. அவர் கதவைத் தட்டுவதற்கு முன்பே மிஸ் தார்ப்பாயை இழுத்துப் போட்டுவிட்டுக் காரைக் கிளப்பிக்கொண்டிருந்தார்.

என்னைப் பின்சீட்டில் படுக்கச் சொன்னார்கள். படுத்தேன். ரயில்வே கேட் தாண்டி மெயின் ரோட்டுக்கு வந்ததும் ஒரு லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டோம். முன்னால் என் கணவர் வலது பக்கம் உட்கார்ந்திருந்தார்.

"போலாமா, சார்?" என்றார் மிஸ்.

"போலாம்... இல்ல, இல்ல! வேணாம்... தெரியலையே!"

என் கணவருக்கு எதிரில் வருகிற விளக்கைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொள்கிற பழக்கம். மூன்றாவது தடவை, நாங்கள் பாதி முந்தியபோது எதிரில் பஸ் வந்து, மிஸ் பிரேக்கை மிதித்து, கார் சறுக்கி ஓரத்தில் போய் நின்றது. பிளாஸ்டிக்கின் மேல் மழை சடசடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

"என்னங்க, நீங்க பின்னால வாங்க" என்றேன்.

"உனக்கென்ன பைத்தியமா? வலி எடுத்துக்கிட்டிருக்கு உனக்கு!"

"வலி விட்டு விட்டுத்தான் வருது. நீங்க வாங்க."

மாறி உட்கார்ந்தோம். பிளாஸ்டிக் வழியாக எதுவும் தெரியவில்லை. ஜன்னலை இறக்கித் தலையை வெளியே நீட்டினேன். மழை முகத்தில் அறைந்தது. பின்னாலிருந்து என் கணவர் என் தலைக்கு மேலே குடை பிடிக்கப் பார்த்தார். அது காற்றில் மடங்கிப் போயிற்று.

"போலாமா, அக்கா?"

"லாரி வருது... இருங்க. இப்பப் போங்க!"

குரோம்பேட்டை தாண்டும்போது வலி வந்தால் கதவைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிடுவேன். மிஸ் உடனே வேகத்தைக் குறைத்து, எந்த வண்டி முன்னால் இருக்கிறதோ அதன் பின்னால் பொறுமையாகப் போவார். வலி விட்டதும் நான் தலையை வெளியே நீட்டுவேன், அவர் முந்துவார். என் மூச்சைக் கேட்டுக்கொண்டே ஓட்டினார் என்றுதான் சொல்ல வேண்டும். மீனம்பாக்கம் பக்கத்தில் வலி விடவே இல்லை. "அம்மா" என்று கத்தினேன். அவரும் என்னோடு சேர்ந்து அவர் பாஷையில் ஏதோ கத்தினார். ஜெபமா திட்டா என்று நான் கடைசிவரை கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா என்னைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, நடந்தா வந்தே? தலையெல்லாம் சொட்டுது!" என்றார். அரை மணி நேரத்துக்குள் பெண் குழந்தை பிறந்தது. மிஸ் உள்ளே வந்து குழந்தையைப் பார்த்தார். தூக்கச் சொன்னேன். "இப்ப வேணாம் அக்கா, கை நடுக்கம் நிக்கட்டும்" என்று சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

பொங்கலுக்குப் பிறகு கண்ணாடி வந்து சேர்ந்தது. அதற்குக் கட்டிய வரியைச் சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு கேட்டேன். "ஏன் மிஸ் இவ்வளவு கஷ்டப்பட்டு இதை வச்சிருக்கீங்க? ரயில் இருக்கு, பஸ் இருக்கு."

அவர் குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டார். "வந்த புதுசுல ரொம்ப பயம், அக்கா. ராத்திரி படுத்தா, கார் வெளிய நிக்குதுன்னு நினைச்சுக்குவேன். பிடிக்கலைன்னா ஏறி நேரா துறைமுகத்துக்குப் போயிடலாம். காரும் நானும் ஊருக்குப் போயிடலாம். அப்படி நினைச்சாத்தான் தூக்கம் வரும்."

"இப்ப?"

"இப்ப உங்க பொண்ணு அழற சத்தத்துல எங்க தூங்கறது?"

மூன்று வருஷம் முடிகிற சமயத்தில் பள்ளிக்கூடத்தில் அவரை இன்னும் சில வருஷம் இருக்கச் சொல்லிக் கேட்டார்கள். அவருக்கும் இருக்க ஆசை. ஆனால் காரை மூன்று வருஷத்துக்குத்தான் வரியில்லாமல் வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதி. அதற்கு மேல் இருந்தால் வரி கட்ட வேண்டும். அந்த வரி காரின் விலையைவிடப் பெரியது. திருப்பிக் கப்பலில் அனுப்புகிற செலவும் அதே கதை. வெளியாருக்கு விற்கவும் கூடாது. அரசாங்கத்திடம் ஒப்படைத்துவிட்டு அவர்கள் கொடுப்பதை வாங்கிக்கொள்ளலாம், அவ்வளவுதான். அந்த ஒரு வாரம் அவர் எங்கள் வாசற்படிக்கு வரவில்லை. சாயங்காலம் வேப்பமரத்தடியில் காருக்குள்ளேயே உட்கார்ந்திருப்பார். ஒருநாள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நீங்க ஊருக்குப் போனாலும் நான் தப்பா நினைக்கமாட்டேன், மிஸ்" என்றேன்.

"காரைக் கொடுத்துடலாம்னு எழுதிட்டேன்" என்றார். "கை நீட்டுறதுக்கு நீங்க வரணும். கடைசித் தடவை."

ஒரு சனிக்கிழமை குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனேன். துறைமுகத்துக்குப் பக்கத்தில் சுங்க இலாகாவின் பெரிய கொட்டகை. உள்ளே தூசி படிந்த கார்கள் வரிசையாக நின்றன. அதிகாரி நல்ல மனிதர். எங்களுக்கு நாற்காலி போட்டு, குழந்தைக்கு பிஸ்கட் வாங்கிவரச் சொன்னார். மிஸ் சாவியைக் கொடுத்தார். கதவைத் திறந்து, சீட்டுக்கு அடியில் கிடந்த கிலுகிலுப்பையை எடுத்துக்கொண்டார். திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்தார். நான்தான் திரும்பிப் பார்த்து அழுதேன்.

பீச் ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறினோம். பெண்கள் பெட்டியில் கூட்டம். கூடையோடு உட்கார்ந்திருந்த பூக்காரம்மா நகர்ந்து எங்களுக்கு இடம் கொடுத்துவிட்டு மிஸ்ஸை ஏற இறங்கப் பார்த்தார். என்னிடம், "இன்னா, வெள்ளக்காரம்மா இந்த வண்டில வருது? எங்க போவுது?" என்றார்.

"தாம்பரம்" என்று மிஸ்ஸே பதில் சொன்னார். "வூட்டுக்கு."

அந்த அம்மாவுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. கதம்பத்தில் ஒரு முழம் கிள்ளி மிஸ்ஸின் கொண்டையில் அவரே செருகினார். காசு வாங்க மறுத்துவிட்டார். கிண்டி தாண்டுவதற்குள் மிஸ் என் தோளில் சாய்ந்து, வாயைத் திறந்து தூங்கிப்போனார்.

அதற்குப் பிறகு இன்னும் ஆறு வருஷம் அந்த முன்பக்கப் போர்ஷனில் இருந்தார். ஒரு சைக்கிள் வாங்கினார். அதற்கு என்ன கேடு வந்தாலும் மார்க்கெட் ரோட்டிலேயே சரிசெய்து கொடுத்தார்கள். அடுத்த மே மாதம், இன்ஷூரன்ஸ் கட்டாமல் மிச்சமான பணத்தை என் கணவரிடம் கொடுத்து, மூன்று பேருக்குக் கொடைக்கானலுக்கு டிக்கெட் எடுக்கச் சொன்னார். நாங்களே மூன்று பேர், உங்களுக்கு வேண்டாமா என்று அவர் கேட்டதற்கு, "நாலு பேர்னு சொன்னேனே, சார். தமிழ்ல எண்ணிக்கை இன்னும் தகராறு" என்றார்.