தொண்ணூறாவது நாள் அழைப்பு

"எப்படி இருக்கீங்க?" என்று உலகம் முழுவதும் மனிதர்கள் பதிலை எதிர்பாராமலே கேட்டுக்கொள்கிறார்கள். கோரல் நோஸ்கே அதைப் பதிலுக்காகக் கேட்டார். எட்டு ஆண்டுகள் கேட்டு, கிடைத்த பதிலை ஓர் எண்ணாக்கித் தாளில் எழுதினார். அதுவே அவருடைய வேலை.

முப்பது ஆண்டுகள் மெல்போர்னுக்கு மேற்கே விம்மேராவின் கோதுமைச் சமவெளியில் செவிலியாக இருந்தவர் அவர். முழங்கால் ஒத்துழைக்க மறுத்தபின், அதே மருத்துவமனையில் சலவை அறையை ஒட்டிய சிறிய அறை ஒன்றில் அமர்ந்து, பக்கவாத ஆய்வுக்காகத் தொலைபேசும் பொறுப்பை ஏற்றார். மூளையில் அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்க மருந்துகள் இரண்டு; எது மேல் என்பது கேள்வி. யாருக்கு எந்த மருந்து போனது என்பதை மெல்போர்னில் பூட்டிய கணினி ஒன்று மட்டுமே அறியும். நோய் கண்ட தொண்ணூறாவது நாளில் கோரல் அழைத்துப் பேசி, நோயின் சுவடே இல்லையென்றால் பூஜ்யம், இறந்துவிட்டால் ஆறு, இடையில் உள்ளவர்களுக்கு இடைப்பட்ட எண் என்று எழுதியனுப்ப வேண்டும்.

இப்போது வார்னம்பூலில், கடலை நோக்கிய சிறிய வீட்டில் இருக்கும் கோரலுக்கு அந்த மனிதர்கள் குரல்களாகவே நினைவில் தங்கியிருக்கிறார்கள். முகங்கள் பலவற்றை அவர் பார்த்ததே இல்லை. நில் என்ற ஊர்க்காரர் ஒருவர் பேசும்போதெல்லாம் பின்னால் கெட்டில் சீறும். ரெயின்போ என்ற ஊரில் ஒரு மூதாட்டியின் காக்கட்டூ கிளி, கேள்விகளுக்கு அவரை முந்திக்கொண்டு பதில் சொல்லும். டிம்பூலாவில் ஒருவர் தம் நாயை வையும் வேகத்தை வைத்தே பேச்சு திரும்பிவிட்டது என்று கணித்துவிடலாம். "இன்னும் பத்து நிமிஷம் இரேன், கோரல். அடுத்த போன் கிறிஸ்துமஸுக்குத்தான் வரும்" என்பார் அவர். கோரலும் இருப்பார்.

ஆனால் அந்தச் சமவெளிக்கு ஒரு குணம் உண்டு. ஆலங்கட்டி மழையில் முழு விளைச்சலையும் இழந்தவன் "சுமார்" என்பான். மூன்று வருட வறட்சிக்குப் பின் நிலம் குளிர மழை பெய்தாலும் அவனே "சுமார்" என்பான். குறை சொல்வது அங்கே அநாகரிகம். கோரல் அந்த மண்ணிலேயே பிறந்தவர். ஆகையால் அது அவர் கண்ணில் படவே இல்லை.

2016 மார்ச் 15, செவ்வாய்க்கிழமை, அவர் மெர்வ் லீர்ஷை அழைத்தார்.

மெர்வுக்கு எழுபது வயது. கோதுமை விவசாயி, இருபத்திரண்டு ஆண்டுகள் பள்ளிப் பேருந்தும் ஓட்டியவர். கோரலின் இரு மகள்களும் அவர் பேருந்தில் சண்டை போட்டே வளர்ந்தவர்கள். முந்தைய டிசம்பரில் அறுவடை மும்முரத்தில், மதிய உணவு கொண்டுபோன அவர் மனைவி வல்மாய், மெர்வ் ஓட்டிய அறுவடை இயந்திரம் நேர் வரிசையை விட்டு வேலியை நோக்கித் திரும்புவதைக் கண்டார். மெர்வின் வாய் கோணியிருந்தது. வலக்கை மடியில் கிடந்தது. பதினொன்று பத்துக்குத்தான் அவர் ரேடியோவில் மகனிடம் தெளிவாகப் பேசியிருந்தார்; ஆகவே நோய் தாக்கிய நேரம் உறுதியாகத் தெரிந்தது. மருத்துவமனைத் திரையில் தோன்றிய மெல்போர்ன் மருத்துவர் ஸ்கேனைப் பார்த்தார், வல்மாய் ஆய்வுக்குக் கையெழுத்திட்டார், இரண்டு மணிக்குள் மருந்து ஏறியது.

"எப்படி இருக்கீங்க, மெர்வ்?"

"சுமார்தான், பொண்ணே. இன்னும் மண்ணுக்கு மேலதான் நிக்கிறேன். வல்மாய்க்குத்தான் ஏமாத்தம்."

"உங்க வேலையெல்லாம் நீங்களே பார்த்துக்கிறீங்களா?"

"குறை சொல்ல ஒண்ணுமில்ல."

"கை?"

"இருக்கு. தோள்லதான் தொங்குது. எங்கயும் ஓடிப்போயிடல."

கோரல் சிரித்தார். நடக்கிறாரா, சாப்பிடுகிறாரா, வெளியே போகிறாரா என்று வரிசையாகக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் "ஆமா, ஆமா" என்றே வந்தது. சிறு தொந்தரவு உண்டு, இயலாமை இல்லை என்று பொருள்படும் ஒன்று என்ற எண்ணை எழுதி, தேதியிட்டுக் கையொப்பமிட்டார்.

வெள்ளிக்கிழமை, ரொட்டிக் கடையில் ஈஸ்டர் பன்களுக்கான வரிசையில் வல்மாய் அவருக்கு முன்னால் நின்றிருந்தார்.

"மெர்வ் நல்லாத் தேறிட்டாரே, வல்மாய். கேட்கவே சந்தோஷமா இருந்துது."

வல்மாய் திரும்பி ஏற இறங்கப் பார்த்தார். "யார் சொன்னது உனக்கு?"

"அவரேதான்."

"அவரு சொல்லுவாரு! முப்பது வருஷம் நர்ஸா இருந்தியே, இந்த ஊரு ஆம்பளைங்களப் பத்தித் தெரியாதா உனக்கு? அவரு தட்டுல கறியை நான்தான் வெட்டி வைக்கிறேன். சட்டை பட்டன் நான்தான் போடறேன். டிசம்பர்லேருந்து எங்க கேட்டைத் தாண்டினதில்ல. நீ போன் பண்றேன்னு நல்ல சட்டையா எடுக்கச் சொன்னாரு. நான் வாயைத் திறந்தேன், கையைக் காட்டி அடக்கிட்டாரு. அதுவும் இடது கையை."

"ஏன் அப்படிச் சொல்லணும்?"

"அத்தனை டாக்டருங்க பாடுபட்டுக் காப்பாத்தினாங்களாம். அவங்ககிட்டப் போயிக் குறை சொன்னா நன்றி கெட்டத்தனமாம். 'நல்ல பிள்ளைங்க வல்மாய், அவங்க பரீட்சையில தோத்துடக் கூடாது'ங்கிறாரு."

பன் வாங்க மறந்து கோரல் மருத்துவமனைக்குத் திரும்பினார். அலமாரியைத் திறந்து, அதுவரை அந்த ஆய்வுக்கு அவர் எழுதிய தாள்களின் நகல்களை மேசைமேல் பரப்பினார். முப்பத்தேழு பேர். இருபத்தொன்பது பேருக்குப் பூஜ்யம் அல்லது ஒன்று. எங்கள் மனிதர்கள் உரம் பாய்ந்தவர்கள் என்று அவர் பெருமைப்பட்ட எண்கள் அவை. அடித்தல் திருத்தல் இல்லாத அத்தாள்களைத்தான் மெல்போர்னில் புதியவர்களுக்கு மாதிரியாகக் காட்டினார்கள். அன்று அவற்றைப் படித்தபோது ஒவ்வொரு கையொப்பத்துக்குப் பின்னாலும் ஒரு "சுமார்" ஒளிந்திருப்பதாகத் தோன்றியது. நோயாளிகள் எல்லாரும் மரியாதைக்காக நலமாக இருந்தால், இரண்டு மருந்துகளுக்கும் வேறுபாடு தெரியாது. மேலான மருந்து வெளிப்படாமலே போய்விடும்.

மெர்வின் தாளைத் திருத்துவது எளிது. மதிப்பீட்டுக்கு முன்பின் ஏழு நாள் சலுகை உண்டு. அடுத்த செவ்வாய்வரை அவகாசம் இருந்தது. அந்த ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு மற்றவற்றை அலமாரியில் வைத்துப் பூட்டினால் யாருக்கும் தெரியாது. கோரல் வெகுநேரம் அந்தத் தாள்களின்மேல் உள்ளங்கையை வைத்தபடி அமர்ந்திருந்தார். வேலை போகலாம், அது பரவாயில்லை. எட்டு ஆண்டுகள் கவனமாகக் கேட்டேன் என்று தாம் தம்மைப்பற்றி நம்பியிருந்ததும் போய்விடும். அதைத்தான் அவரால் எளிதில் விட முடியவில்லை.

நான்கு மணிக்கு ஆய்வின் தலைவர் டாக்டர் மாவ்ரிஸை அழைத்து, ஒன்று விடாமல் சொன்னார்.

மாவ்ரிஸ் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். பிறகு, "உங்க ஊர்க்காரங்க மட்டும் இவ்வளவு நல்லாக் குணமாகறாங்களேன்னு எங்களுக்கே ஒரு ஆச்சரியம் இருந்துது, கோரல். காத்து சுத்தமா இருக்கும்போலன்னு விட்டுட்டோம். தப்பு எங்க மேலயும்தான்."

"பழைய ஆளுங்களைத் திரும்பக் கூப்பிடட்டுமா?"

"கூடாது. நாள் கடந்தது கடந்ததுதான். இப்பப் போய்த் திருத்தினா அது வேற மாதிரிப் பொய்யாயிடும். நடந்ததை அப்படியே எழுதி அனுப்புங்க. உங்க கணக்கைச் சேர்த்து ஒரு தடவை, விட்டு ஒரு தடவை பார்ப்போம். கட்டுரையிலயும் சொல்லிடுவோம்."

"என் தாளையெல்லாம் மாதிரிக்குக் காட்டறீங்களே..."

"இனிமே காட்டமாட்டோம்" என்றார் மாவ்ரிஸ். பிறகு குரல் தணிந்தது. "நாள் கடக்காதவங்க யாராவது இருக்காங்களா?"

"ஒருத்தர் இருக்கார்."

திங்கட்கிழமை காலை கோரல் மெர்வை அழைத்தார். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவில்லை.

"மெர்வ், இன்னிக்குக் கண்ணு முழிச்சதுலேருந்து என்ன செஞ்சீங்க? ஒவ்வொண்ணாச் சொல்லுங்க."

"இதென்னடி கேள்வி? எழுந்தேன். காலுறை போட்டேன்."

"யாரு போட்டது?"

தொலைபேசி வழியாகச் சமையலறைக் கடிகாரம் கேட்டது.

"வல்மாய் வந்து வத்தி வச்சாளா?"

"ஆமா. ஆனா நான் கேக்கறது அதுக்காக இல்ல. நீங்க நல்லா இருக்கேன்னு சொன்னா அந்தப் பிள்ளைங்க பரீட்சையில ஜெயிக்க மாட்டாங்க. எந்த மருந்து உங்க கையைக் கொண்டு வரலைன்னே அவங்களுக்குத் தெரியாது. அடுத்தவனுக்கும் அதையே போடுவாங்க. பஸ்ஸுல பிரேக் பிடிக்கலைன்னா மெக்கானிக்குகிட்ட 'குறை சொல்ல ஒண்ணுமில்ல'ன்னா சொல்லுவீங்க?"

"அது வேற. அதுல குழந்தைங்க உக்காந்திருக்கும்."

"இதுலயும்தான்."

மெர்வ் பேசத் தொடங்கினார். காலுறையில் தொடங்கி, பட்டன், கறி, முகச்சவரம் என்று மெதுவாக நகர்ந்தார். தினமும் கொட்டகைவரை நடந்துபோய் வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்புவதையும் சொன்னார். கோரல் குறுக்கிடாமல் குறித்துக்கொண்டார். துணையின்றி நடக்கிறார், அன்றாடக் காரியங்களுக்குப் பிறர் கை வேண்டும் என்பதற்குரிய மூன்று என்ற எண்ணை எழுதினார். கைக்குப் பயிற்சி தரும் பெண் புதன்கிழமை வீட்டுக்கே வருவாள் என்றார். "தேவையில்ல" என்று மெர்வ் சொல்லத் தொடங்க, "தேவை!" என்று பின்னாலிருந்து வல்மாயின் குரல் கேட்டது.

மெர்வின் தாள் ஒன்றில்தான் முதன்முறையாகக் கோரல் தம் கையால் அடித்து எழுதியிருந்தார். மற்ற முப்பத்தாறையும் பற்றிய நான்கு பக்கக் கடிதத்தை அதனுடன் இணைத்து, முகவரி எழுதிக்கொண்டிருந்தபோது தொலைபேசி ஒலித்தது.

"கோரல், எழுதி முடிச்சிட்டியா?"

"இன்னும் அனுப்பல, மெர்வ்."

"அப்ப இதையும் போட்டுக்க. சாயங்காலமானா நாக்கு கொஞ்சம் குழறுது. ஆளுங்க பேரு வரமாட்டேங்குது. உன் சின்னவ பேரே நேத்து வரல, அவ பஸ்ஸுல போட்ட ஆட்டமெல்லாம் ஞாபகம் இருக்கு, பேரு மட்டும் வரல."

கோரல் எழுதிக்கொண்டார். தொலைபேசியை வைத்து முழுதாகப் பத்து நிமிடம் ஆகவில்லை; மீண்டும் அது ஒலித்தது.

"இடது முழங்காலும் வலிக்குது" என்றார் மெர்வ். "அது எழுபத்தெட்டுல ஃபுட்பால்ல வாங்கினது. இருந்தாலும் கேட்டதுக்குச் சொல்லணுமில்ல?"