நைனாவுக்குச் செய்த சொற்பலகை

என் அப்பாவுக்கு, நைனாவுக்கு, பக்கவாதம் வந்து பேச்சு நின்றுபோன சமயத்தில்தான் நான் ஜாவாஸ்கிரிப்ட் கற்றுக்கொண்டிருந்தேன். திருப்பதியில் ஒரு சின்ன அலுவலகத்தில் பல வருடங்களாகப் பிஎச்பி என்ற கணினி மொழியில் நிரல் எழுதுகிறவள். இனி எல்லாம் ஜாவாஸ்கிரிப்டில்தான் என்று சொல்லிவிட்டார்கள். வரதய்யபாளையம் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊரிலிருந்து நைனாவை இங்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தோம். அம்மா கூடவே இருந்தாள். நான் வேலை முடிந்து போய், கட்டிலருகே மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு படிப்பேன்.

அவருக்கு நினைவு தெளிவாக இருந்தது. இடது கை மட்டும் அசையும். வாயைத் திறந்தால் வெறும் சத்தம்தான் வந்தது. "ஏம் காவாலி தாத்தா?" என்று தெலுங்கு நர்சு, என்ன வேண்டுமென்று பொறுமையாகக் கேட்பாள். அவருக்குப் புரியும், பதில் சொல்லத்தான் முடியாது.

"தண்ணி கேக்கறாரா, திரும்பிப் படுக்கணுமா, ஒன்னும் தெரியல. என் மூஞ்சியையே பாத்துக்கினு கீறாரு" என்றாள் அம்மா.

அன்றைக்கே ஒரு இணையப் பக்கம் எழுத உட்கார்ந்தேன். தண்ணீர், வலி, போர்வை, ஜன்னல் என்று போனில் பொத்தான்கள். தமிழ்ப் பொத்தானைத் தொட்டால் நர்சுக்காகக் கீழே தெலுங்கில் பெரிதாக வரவேண்டும். பிஎச்பியில் எண் போட்ட வரிசையும் பெயர் போட்ட பெட்டியும் ஒரே அர்ரேதான். ஜாவாஸ்கிரிப்டில் வரிசைக்கு அர்ரே, பெட்டிக்கு ஆப்ஜெக்ட் என்று இரண்டும் வேறு. வரிசையில் ஒவ்வொன்றாக எடுத்துப் பொத்தான் போட, பழைய பழக்கத்தில் நான் எழுதிய முதல் லூப், சொற்களை விட்டுவிட்டு 0, 1, 2 என்று அவற்றின் இடத்தைப் பொத்தானில் எழுதியது. நைனா அந்த எண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். லூப்பில் in என்றிருந்த ஒரு சொல்லை of என்று மாற்றினதும் சரியானது. அவர் விரல் நேராகப் போர்வைக்குப் போனது. இவ்வளவு நாளும் குளிரில் கிடந்திருக்கிறார்.

அடுத்த வாரம் சொற்களைக் கூட்டி, அந்தச் சொல்வரிசையைத் தெலுங்குக்குத் தனியாக ஒரு நகல் எடுத்து, நகலில் லூப் போட்டுச் சொற்களை மாற்றி, அலுவலகத்திலிருந்தே ஏற்றிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அம்மா கூப்பிட்டாள்.

"இன்னா பண்ண நீ? எல்லாம் தெலுங்கா கீது. அவுரு போனைத் தள்ளிட்டு செவுத்துப் பக்கம் திரும்பிக்கினாரு."

நைனா தெலுங்கு பேசுவார், படிக்கத் தெரியாது. பிஎச்பியில் அர்ரேயை நகலெடுத்தால் அது தனிச் சொத்து. இங்கே வரிசைக்குத்தான் நகல் எடுத்திருந்தேன். உள்ளே இருந்த ஆப்ஜெக்ட்கள் அதே ஆப்ஜெக்ட்கள். நகலில் தெலுங்கு எழுதியபோது அவருடைய தமிழ் அழிந்துவிட்டது. புத்தகத்தில் அதைப் படித்திருந்தேன். ஆனாலும் அவர் சுவரைப் பார்த்துக் கிடந்ததைக் கேட்ட பிறகுதான் அது உறைத்தது. ஒவ்வொரு ஆப்ஜெக்டையும் லூப்புக்குள் தனித்தனியாக நகலெடுத்துத் திருத்தினேன். சாயங்காலம் போய்ப் போனை அவர் கையில் வைத்தேன்.

"வந்துடுச்சு நைனா. தமிழ் தான்."

வெகுநேரம் தொடவில்லை. பிறகு ஜன்னல் பொத்தானைத் தொட்டார். திறந்துவிட்டேன்.

வீட்டுக்கு அனுப்பிய பிறகு அம்மா கேட்டாள்: "என்னக் கூப்புடறதுக்கு ஒன்னு போடேன். நான் அடுப்பாண்ட இருந்தா எப்படித் தெரியும்?"

"என்னான்னு போட?"

"'இன்னாமே'ன்னு தான் கூப்புடுவாரு. அதையே போடு."

அந்தப் பொத்தானுக்கு மட்டும் குரல் சேர்த்தேன். என் குரல்தான். மகள் வாயால் அதைக் கேட்க ஒரு மாதிரியாக இருக்கிறது என்று சிரித்தாள் அம்மா. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

நைனாவுக்குப் பேச்சு திரும்பவில்லை. ஊருக்குப் போகும்போதெல்லாம் பார்க்கிறேன்: தண்ணீரையும் போர்வையையும்விட அவர் அதிகம் தொடுவது 'இன்னாமே' பொத்தானைத்தான். அம்மா வந்து நிற்பாள். பல நேரம் அவருக்கு எதுவும் வேண்டியிருக்காது. அவள் கட்டிலோரம் உட்கார்ந்துகொள்வாள்.